பதினோராவது மாத்திரை

சந்தாபுரா லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கும் ஒரே குழாய். அந்தக் குழாயடியில், காலை ஆறரை மணிக்கு, நாலு பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது மகா வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அத்தை பார்த்திருக்கக் கூடாது.

பாஞ்சாலி பார்த்துவிட்டாள். விற்கக் கொண்டுபோகிற சொப்புக் கீரைக் கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"எத்தினி நாளா கண்ணு?"

"அத்தை, அது வந்து..."

"ஒண்ணும் பேசாத. போய் உக்காரு. குடத்த நான் தூக்கறேன்." திரும்பி வரிசையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "எங்க அம்சாவுக்குத் தம்பியோ தங்கச்சியோ வருதுடியம்மா!"

குழாயடி கலகலத்தது.

விஷயம் அதுவல்ல என்பது இந்தத் தெருவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மகா. இன்னொருவன் அவள் கணவன் முகேஷ். அவனோ ஆறு மணி ஷிப்டுக்கு பொம்மசந்திராவில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அம்சா பிறந்தபோது மகாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பாட்டில் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு அடுத்தது வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை, "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்வாங்க" என்று பாஞ்சாலி காற்றில் விட்டுவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. குழந்தை என்றால் உயிர், அவ்வளவுதான். புருஷன் எத்திராஜ் லாரி ஓட்டிக்கொண்டு பம்பாய்க்கும் ஓசூருக்கும் அலைகிறவர். மாதத்தில் பத்து நாள்கூட வீட்டில் தங்குவதில்லை. வீடு நிறையக் குழந்தைகள் ஓட வேண்டும் என்பது பாஞ்சாலியின் ஒரே ஆசை.

மகா தனியாக அவளிடம் வாதாடித் தோற்ற பிறகு, இரண்டு வாரத்துக்கு முன்னால், மகாவும் முகேஷும் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூர் ரோட்டு கிளினிக்குக்குப் போனார்கள். மௌரீன் சிஸ்டர் மகாவுக்கு பிரஷர் பார்த்தாள். தாய்ப்பால் நின்றுவிட்டதா, ஒற்றைத் தலைவலி உண்டா, மஞ்சள் காமாலை வந்ததா என்று நூறு கேள்வி கேட்டாள். பிறகு ஒரு மாலா கருத்தடை மாத்திரை அட்டையைக் கொடுத்தாள். நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகா போட்டுக்கொண்டது பதினோராவது மாத்திரை.

இன்று மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் டெஸ்ட். நாலு வருஷமாகக் காலர் தைத்துக்கொண்டிருப்பவளுக்கு, மெஷினை விட்டு எழுந்து ஒரு லைனையே நடத்துகிற வாய்ப்பு. அத்தையிடம் இப்போது உடைத்துச் சொன்னால் சண்டை. கம்பெனி பஸ் போய்விடும்.

"சாயங்காலம் வந்து பேசறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு மகா ஓடினாள்.

அவளுக்கு முன்னாலேயே சேதி பஸ் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு மரகதம் அதே கம்பெனியில் செக்கிங். நல்ல சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

*

ஒன்பது மணிக்கு நோட்டீஸ் போர்டில் டெஸ்ட் எழுதுகிறவர்கள் பட்டியல் இருந்தது. நாலு பேர். நாலாவது பெயரின் மேல் நீல மையில் ஒரு கோடு.

மகா நேராக புரொடக்‌ஷன் மேனேஜர் கோவிந்தராஜனின் மேஜைக்குப் போனாள். அது அறைகூட இல்லை, தையல் ஹாலின் ஓரத்தில் போட்ட மேஜை. பக்கத்திலேயே நாற்பது மெஷின்கள்.

"சார், என் பேரை அடிச்சிருக்கீங்க."

"ஆய்த்தும்மா, ஆய்த்து. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாசமா இருக்கிறவளை இன்னிக்கு சூப்பர்வைசர் ஆக்கிட்டு, ஆறு மாசத்துல லீவு குடுத்துட்டு, நான் லைனை யார்கிட்ட விடறது?"

"நான் மாசமா இல்ல சார்."

"காலைல வாந்தி எடுத்தியாமே?"

மகா யோசித்தாள். ஏதாவது சொல்லலாம். நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை, பித்தம். அவர் நம்பமாட்டார் என்பது மட்டுமல்ல. பொய்யைச் சொல்லிப் பெறுகிற டெஸ்ட் தனக்கு எதற்கு என்று ஒரு கோபம் அடிவயிற்றிலிருந்து வந்தது. கிட்டத்து மெஷின்களில் கால்கள் பெடலை விட்டிருந்தன. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

"சார், நான் மாத்திரை சாப்பிடறேன். இப்போ குழந்தை வேணாம்னு சாப்பிடற மாத்திரை. புதுசா ஆரம்பிச்சா மொதல்ல ரெண்டு மூணு மாசம் சில பேருக்கு வயித்தைப் பொரட்டும்னு சிஸ்டர் சொல்லித்தான் குடுத்தாங்க. அதான் வாந்தி."

கோவிந்தராஜனின் காது மடல் சிவந்தது. "இதெல்லாம் எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற?"

"நீங்கதான் சார் கேட்டீங்க."

எங்கோ ஒரு மெஷின் பக்கமிருந்து களுக்கென்று சிரிப்பு வந்து அடங்கியது. அவருக்குக் கோபம் ஏற அது போதும்.

"உன் மாமியாரே தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. பெரியவங்க சொன்னதை நம்பறதா, நீ சொல்றதை நம்பறதா? அவங்களே வந்து இல்லைன்னு சொல்லட்டும், பேரைச் சேக்கிறேன். போ, போய் மெஷின்ல உக்காரு."

டீ இடைவேளையில் மகா கேட் பக்கத்து ஒரு ரூபாய் போனுக்கு ஓடினாள். லேத் பட்டறையில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் முகேஷ் வந்தான். மகா நடந்ததைச் சொன்னாள்.

"அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். இன்னிக்கே. இப்பவே. சொல்லி, மூணு மணிக்குள்ள இங்க கூட்டினு வரணும்."

 அம்மா கண்ணைப் பார்த்துப் பேசவே தயங்குகிறவன் முகேஷ்.

"பர்மிஷன் கேட்டுட்டுக் கெளம்பறேன்" என்றான்.

*

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. மகா டப்பாவைத் திறக்கவே இல்லை. பெஞ்சில் அவளைச் சுற்றிப் பெண்கள் வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள்.

முதலில் வந்தது மரகதம். கண் கலங்கியிருந்தது. "சந்தோசத்துல சொல்லிட்டேன் மகா. உன் பேரை அடிப்பாங்கன்னு சத்தியமா தெரியாது."

"விடுக்கா."

பிறகு பட்டன்ஹோல் லாவண்யா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நானும் அதேதான் வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் சேலத்துலேந்து சனிக்கிழமைதான் வருவாரு. சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு போட்டுக்குவேன். சரிதானே?"

மகா பதறிவிட்டாள். "ஐயோ, அது வேலையே செய்யாது! அவரு வந்தாலும் வராட்டியும் தெனமும் ஒண்ணு போடணும், ஒரே நேரத்துல. ஒரு நாள் மறந்துட்டா ஞாபகம் வந்த ஒடனே போட்டுட்டு, அன்னிக்கு உள்ளதையும் அந்த நேரத்துக்குப் போட்டுடணும். ரெண்டு நாள், அதுக்கு மேல விட்டுப்போச்சுன்னா ஒரு வாரத்துக்கு நிரோத் உறையும் சேத்துக்கச் சொன்னாங்க."

"நான் வெள்ளைய மட்டும் போட்டுட்டு பிரவுனைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள் இன்னொருத்தி.

"பிரவுன் ஏழும் இரும்புச் சத்து. அதைப் போடற வாரந்தான் நமக்கு வரும். அது முடிஞ்ச மறுநாளே புது அட்டை. நடுவுல ஒரு நாளும் விடக் கூடாது."

"எனக்கு நடுவுலயே லேசாப் பட்டுது. பயந்து போயி நிறுத்திட்டேன்."

"மொத ரெண்டு மூணு அட்டைக்கு அப்பிடி இருக்கலாமாம், அப்பறம் சரியாயிடுமாம். நிக்கலைன்னா போய்க் காட்டணும்." மகா எல்லார் முகத்தையும் பார்த்தாள். இத்தனை பேரா? நாலு வருஷம் ஒரே ஹாலில் தைத்தும் ஒருத்தி இன்னொருத்தியிடம் வாய் திறக்கவில்லையே. "எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதாங்க. பிரஷர் பாக்காம யாரும் ஆரம்பிக்காதீங்க. மத்தவங்க அட்டைய வாங்கிப் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, எல்லாரும் சிஸ்டர்கிட்டயே போய்க் கேக்கலாம்."

மணி அடித்தபோதுதான் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பசித்தது. காலையிலிருந்து இப்போதுதான் வயிறு சாதம் கேட்டது. இரண்டே வாயில் எலுமிச்சை சாதத்தை விழுங்கிவிட்டு மெஷினுக்கு ஓடினாள்.

*

அந்த நேரத்தில் பாஞ்சாலி கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள்.

மருமகளுக்கு ஒரு நல்ல புடவை எடுத்து வைக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தவளின் கையில் அட்டை அகப்பட்டது. மெடிக்கல் ஷாப்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, "பிள்ளை நிக்காம இருக்கிறதுக்கும்மா" என்றார். பாஞ்சாலி அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். அம்சாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து, மௌரீன் சிஸ்டர் வரைக்கும் வந்துவிட்டாள்.

அட்டையை மேஜை மேல் அறைந்தாள். "இன்னா வெஷம் இது?"

மௌரீனுக்கு ஐம்பது வயது. காக்ஸ் டவுனிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவள். குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"இது யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன்மா. எங்கிட்ட யார் வந்தாங்கன்னு சொல்லவும் மாட்டேன். மாத்திரை என்ன பண்ணும்னு கேளுங்க, ராத்திரி வரைக்கும் சொல்றேன்."

"வயித்துல கட்டியாச் சேருமாமே. அப்பறம் ஜென்மத்துக்கும் புள்ளை நிக்காதாமே."

"சேராது. வயித்துல கரைஞ்சு ரத்தத்துல கலந்து, ஒரு நாள் வேலை செஞ்சுட்டுப் போயிடும். அதனாலதான் தெனம் ஒண்ணு போடணும். நிறுத்திட்டா சீக்கிரமே பழையபடி குழந்தை உண்டாகும். சில பேருக்கு அடுத்த மாசமே."

"அப்பிடி இன்னாதான் வேலை செய்யுது?"

"மாசத்துக்கு ஒரு தடவை நம்ம உடம்புல ஒரு கருமுட்டை வெளிய வரும். அது விந்தோட சேந்தாத்தான் கரு. இந்த வெள்ளை மாத்திரைல ரெண்டு மருந்து இருக்கு. ரெண்டும் நம்ம உடம்பே சுரக்கிற மாதிரிதான். அது ரத்தத்துல இருக்கிற வரைக்கும், கருமுட்டைய விடுன்னு மூளைலேந்து உத்தரவு வராது. முட்டை வெளிய வராது. கர்ப்பப்பை வாசல்ல இருக்கிற சளியும் கெட்டியாயிடும், விந்து உள்ள போக முடியாது. உள்சுவரும் மெலிசாவே இருக்கும்."

பாஞ்சாலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றி சுருங்கி, பிறகு மெல்லத் தெளிந்தது.

"அடைக்கோழி மாதிரி."

"என்னம்மா?"

"அடைக்கு உக்காந்த கோழி முட்டை வுடாது சிஸ்டர். ஏற்கெனவே அடையில இருக்கேன்னு அது ஒடம்புக்குத் தெரியும். அடைய வுட்டு எறங்குச்சுன்னா, கொஞ்ச நாள்ல மறுபடியும் வுடும். ஒடம்ப அடையில இருக்கேன்னு நெனைக்க வெக்குது இந்த மாத்திரை. அதானே?"

மௌரீன் இருபத்தைந்து வருஷமாக இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதேதாம்மா."

"அப்போ வாந்தியும் அதனாலதான்."

"அதனாலதான். மாரு கனமா வலிக்கலாம், லேசாத் தலை வலிக்கலாம். ரெண்டு மூணு மாசத்துல உடம்பு பழகிடும். ஆனா நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீங்கி வலிக்கறது, பொறுக்க முடியாத தலைவலி, இதுல எது வந்தாலும் ஓடி வந்துடணும். அபூர்வம்தான், ஆனா விடக் கூடாது. அதுக்காகத்தான் எல்லாருக்கும் இதைக் குடுக்கறதில்ல. பாத்துப் பாத்துத்தான் குடுக்கறோம்."

பாஞ்சாலி மடியிலிருந்த அம்சாவின் தலையைத் தடவினாள்.

"நான் ஏழு பெத்தேன் சிஸ்டர். நின்னது ரெண்டு. ஒண்ணு இடுப்ப வுட்டு எறங்கறதுக்குள்ள அடுத்தது. ஒடம்புல ரத்தமே இல்லாம பெத்ததெல்லாம் சவலை சவலையாப் பொறந்து..." நிறுத்தினாள். "அம்சா பொறந்த அன்னிக்கு அந்தப் பொண்ணு வெள்ளைத் துணியாட்டம் கெடந்தா. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டும் இன்னிக்குக் காலைல அப்பிடி ஆடினேன்."

வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. வீட்டில் தேடி, தெருவில் கேட்டு, வியர்க்க வியர்க்க முகேஷ் உள்ளே வந்தான். அம்மாவையும் மேஜை மேலிருந்த அட்டையையும் பார்த்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை.

"ம்மா, அவளத் திட்டாத. அவளக் கூட்டினு வந்தது நானு. எனக்கு அவ உசிரோட வேணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவின் கண்ணைப் பார்த்து அவன் பேசினான்.  பார்வையை எடுக்காமல் நின்றான்.

பாஞ்சாலி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதை என்கிட்ட மொதல்லயே இப்பிடி நின்னு சொல்லியிருந்தா, நான் ஊர் பூரா தமுக்கு அடிச்சிருக்க மாட்டேனேடா."

அப்புறம்தான் அவன் மகாவின் கம்பெனியில் நடந்ததைச் சொன்னான். கேட்கக் கேட்க பாஞ்சாலியின் முகம் மாறியது. முடிப்பதற்குள் எழுந்து, கொண்டையை இறுக்கிக்கொண்டாள்.

"வண்டிய எடு."

*

இரண்டே முக்காலுக்கு கோவிந்தராஜன் கேட்டுக்கு வரவேண்டியதாயிற்று. கையில் குழந்தையோடு ஒரு அம்மாள் உள்ளே விடச் சொல்லிச் செக்யூரிட்டியை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாள். மகாவும் ஓடிவந்தாள். ஜன்னல்களில் தலைகள்.

"நீங்கதான் மேனேஜரா சாமி? நான் மகாவோட மாமியாரு. அவ மாசமா இருக்கான்னு சொன்னது நானு. தெரியாத்தனமாச் சொன்னேன். அவ மாத்திரை சாப்பிடறா. என் புள்ளைதான் கூட்டினு போய் வாங்கிக் குடுத்தான். நல்ல காரியம் பண்ணான். ஆச்சா?"

"சரிம்மா, சரி. மெதுவாப் பேசுங்க."

"இருங்க, முடிக்கல." பாஞ்சாலியின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. "நாளைக்கே அவ மாசமா இருந்தாத்தான் இன்னா? நான் இவன வயித்துல வெச்சினு, பெத்த அன்னிக்குக் காலைல வரைக்கும் தலையில கூடை சொமந்தேன். வயித்துல புள்ளை இருந்தா மண்டையில மூளை இல்லாமப் போயிடுமா சாமி? உங்கம்மா உங்களப் பெத்தப்போ சும்னே படுத்துனா இருந்தாங்க?"

ஜன்னல்களில் சிரிப்பு வெடித்தது. யாரோ கை தட்டினார்கள். மரகதமாகத்தான் இருக்க வேண்டும்.

கோவிந்தராஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொல்லாதவர் இல்லை, டார்கெட் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் யோசிக்காதவர். எல்லார் முன்னாலும் அவரே சொன்ன வாக்கு, இப்போது குழந்தையோடு வந்து நிற்கிறது.

"எங்கம்மா ராகிக் கல்லுல அரைச்சுகிட்டு இருந்தாங்களாம்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. பிறகு மகாவிடம், "போ. மூணு மணிக்கு ரெண்டாம் நம்பர் லைன்."

*

டெஸ்ட் எளிதாக இல்லை. ஆளுக்கு அரை மணி நேரம் ஓடுகிற ஒரு லைனைக் கொடுத்தார்கள். சட்டைக்குக் கையை இணைக்கிற மெஷின் பக்கம் பீஸ்கள் மலையாகக் குவிந்திருந்தன. அதற்கு அடுத்தவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மகாவுக்கு முன்னால் வந்த மூன்று பேரும் தைப்பவளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிப் பார்த்தார்கள். அவள் பதற்றத்தில் ஊசியை ஒடித்ததுதான் மிச்சம்.

மகா விரட்டவில்லை. முதல் ஐந்து நிமிஷம் பேசாமல் நின்று பார்த்தாள். பிறகு குவியலிலிருந்து இரண்டு பீஸை எடுத்து அளந்தாள்.

"இந்தக்கா மேல தப்பில்ல சார். கட்டிங்லேந்து வர்ற கையே கால் இன்ச் பெரிசு. ஒவ்வொண்ணையும் அவங்க இழுத்து இழுத்துச் சேக்கறாங்க. அதான் தேங்குது." கட்டிங்குக்கு ஆள் அனுப்பினாள். சும்மா இருந்த ஒருத்தியைப் பக்கத்து மெஷினில் உட்கார வைத்தாள். மீதிக்குத் தானே குனிந்து தைத்தாள். இருபத்தைந்தாம் நிமிஷத்தில் குவியல் கரைந்து, லைன் தண்ணீர் மாதிரி ஓடியது.

கோவிந்தராஜன் அளவு டேப்பை வாங்கித் தானே அளந்து பார்த்தார். கால் இன்ச். காலையிலிருந்து அவர் கண்ணுக்கும் படாத கால் இன்ச்.

ஐந்தரை மணிக்கு போர்டில் புதுத் தாள் ஒட்டினார்கள். அதில் ஒரே ஒரு பெயர். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமல்: மகா மு., சூப்பர்வைசர், இரண்டாம் லைன். திங்கள் முதல்.

மரகதம் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். லாவண்யா விசிலே அடித்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே, கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாக அம்மாவோடும் குழந்தையோடும் டிவிஎஸ் பக்கத்தில் காத்திருந்த முகேஷ், ஜனங்கள் பார்ப்பதை மறந்து மகாவின் கையைப் பிடித்துக்கொண்டான். 

*

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி மகனை மட்டன் வாங்க விரட்டினாள். அம்சா பாயில் தூங்கியது. மகா மசாலா அரைக்க, பாஞ்சாலி வெங்காயம் உரித்தாள். இரண்டு பேருமே கேட்டில் நடந்ததை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள்.

திடீரென்று பாஞ்சாலியின் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மகா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"ரெண்டு மாசமா நான் தலைக்கு ஊத்திக்கல. நாப்பத்திரெண்டாச்சே, நின்னுபோற வயசுதானேன்னு இருந்துட்டேன்." உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். "முந்தாநேத்துலேந்து எனக்கும் காலைல கொமட்டுது. சிஸ்டர் எதிர்லயே கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துது. அதுக்குள்ள இவன் வந்துட்டான். உங்க மாமா வேற புதன்கெழமை வர்றாரு."

அம்மிக் குழவி நின்றது. மகா அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். இன்று ஊர் கேட்க முழங்கிய அந்த முகத்தில் இப்போது பதினைந்து வயதுப் பெண்ணின் பயம் இருந்தது.

மகா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு நாம ரெண்டு பேரும் சிஸ்டர்கிட்டப் போறோம். அவங்க பாத்துச் சொல்ற வரைக்கும் மரகதம் அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது. புரியுதா?"

"சரிம்மா" என்றாள் பாஞ்சாலி.

சூப்பர்வைசர் மகா போட்ட முதல் உத்தரவு அது.